வெலாஸ்கெஸின் குதிரைகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஓவிய நண்பர்களுக்கு வணக்கம். மாட்ரிட் பூயன் ரெட்டிரோ அரண்மனைக்காக 1634–35இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸும் உதவியாளர்களும் முடித்த குதிரைப் படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, மன்னர் கையில் கோலோடு அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். குதிரையை அடக்குபவன் நாட்டையும் ஆள்வான் என்பது அக்காலத்துக் கணக்கு. அவருடைய மகன், குட்டி இளவரசர் பல்தசார் கார்லோஸின் மட்டக்குதிரைகூடப் பாய்கிறது. (அதன் பீப்பாய் வயிற்றைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கதவுக்கு மேலே மாட்டி, கீழிருந்து பார்க்க வரைந்த படம் அது!)

ஆனால் அரசியர் இருவரின் (மன்னரின் தாய், மனைவி) குதிரைகளும் சாதுவாக நடக்கின்றன. பெண்கள் பக்கவாட்டில் உட்காரும் முறைதான் காரணமா, ஆட்சி ஆண்களுக்கே என்ற குறிப்பா? இதை அலசும் புத்தகம் ஏதாவது தெரியுமா? இந்தப் படங்கள் இருக்கும் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள், இளவரசர் படம் இப்போது எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்றும் சொல்லுங்களேன்.