கிராப் பக்கெட்டின் கீல் பின் மூன்றாவது முறையாக நகர்ந்துவிட்டது: காதோடு சேர்த்துப் பற்றவைத்துவிடலாமா?

பார்ஜ் பராமரிப்பு (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஆற்று முகத்துவாரத்தில் சேறு வாரும் பார்ஜ் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பார்ஜின்மேல் நிற்கும் கிரேனில், இரண்டரை கன மீட்டர் கொள்ளளவுள்ள இரட்டைத் தாடை கிராப் கம்பிவடத்தில் தொங்குகிறது. தாடையின் கண்ணுக்குள், அதாவது பின் நுழையும் துளைக்குள், வெண்கல புஷ் (தேய்வைத் தாங்கும் உறை) இருக்கிறது. அந்தக் கண்ணை இருபுறமும் இரண்டு காதுகள் (துளையுள்ள தடித்த தகடுகள்) கவ்வி நிற்கின்றன. மூன்றையும் கோத்துப் பிடிப்பது 100 மி.மீ. விட்டமும் 380 மி.மீ. நீளமும் உள்ள பின், அதாவது எஃகு முளை. பின்னின் ஒரு முனையில் குறுக்காக ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டில் 16 மி.மீ. தடிப்புள்ள கீப்பர் பிளேட் உட்காருகிறது. பிளேட்டை இரண்டு எம்16 போல்ட்டுகள், 8.8 தரம், காதோடு சேர்த்துப் பிடிக்கின்றன.

ஐந்து வாரங்களில் இந்தப் போல்ட்டுகள் மூன்று முறை முறிந்துவிட்டன. முதல் இரண்டு முறையும் புதிய போல்ட் போட்டு முறுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். கடந்த வாரம் இரவு வேலையின்போது, விளக்கு வெளிச்சத்தில் காதின் ஓரத்தில் ஏதோ பளபளக்கிறதே என்று தளத்தில் நின்ற தொழிலாளி ஒருவர் கேட்ட பிறகுதான், பின் நான்கு விரல் அகலத்துக்கு வெளியே வந்திருப்பதைப் பார்த்தோம். இன்னும் பத்துப் பதினைந்து வாரல் சென்றிருந்தால் தாடை கடலுக்குள் போயிருக்கும்.

பின்னைக் காதோடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்துவிட்டால் கதை முடிந்தது என்கிறார் எங்கள் தவுக்கே (முதலாளி). எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லத் தகுந்த காரணமும் கையில் இல்லை. போல்ட்டை எம்20 ஆக்கலாமா, 12.9 தரத்துக்குப் போகலாமா, அல்லது உண்மையிலேயே பற்றவைத்துவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

கடைசல் பட்டறை (பிறை)

நண்பரே, முதலில் பற்றவைக்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள். இந்த அளவுப் பின்களைப் பெரும்பாலும் 4140 எஃகில், எங்கள் பட்டறை வழக்கில் இ.என்.19 என்று சொல்வோமே அதில், கடைந்து மேற்பரப்பைக் கடினப்படுத்தித் தருகிறார்கள். அதில் கரிமம் ஏறத்தாழ 0.4 விழுக்காடு. முன்சூடு இல்லாமல் அதன்மேல் பற்றவைத்தால், பற்றுக்கு அடுத்த பகுதி கண்ணாடிபோல் இறுகி, சில நாள்களில் மயிரிழை விரிசல் விடும். அதோடு, அடுத்த முறை புஷ் மாற்ற வேண்டுமானால் வெட்டுவாயுவைக் கொண்டு காதையும் சேர்த்துத் தின்ன வேண்டியிருக்கும்.

பெரிய போல்ட் போடுவதும் நோய்க்கு மருந்தாகாது. கீப்பர் பிளேட்டின் வேலை பின் நகராமலும் சுழலாமலும் பார்த்துக்கொள்வது மட்டுமே. தாடையின் சுமையை அது தாங்கக் கூடாது. பின் சுழல முயல்வதால்தான் போல்ட் முறிகிறது. ஏன் சுழல முயல்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னின்மேல் 10 டன் சுமை, அதாவது ஏறத்தாழ 100 கிலோநியூட்டன், இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னின் ஆரம் 50 மி.மீ. புஷ்ஷில் கிரீஸ் நன்றாக இருந்து உராய்வுக் கெழு 0.1 என்றால், பின்னைத் திருப்பும் முறுக்கம் சுமார் 500 நியூட்டன் மீட்டர். கிரீஸ் வற்றி அது 0.3 ஆனால் முறுக்கம் 1,500. புஷ் பின்னை முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டால் கணக்கே கிடையாது. தாடையை மூடும் விசை நேராகப் போய் அந்த இரண்டு போல்ட்டுகளின் கழுத்தில் உட்காரும். அதுவும் திறக்கும்போது ஒரு பக்கம், மூடும்போது மறுபக்கம் என்று மாறி மாறி.

இப்போது மூன்று விவரங்கள் தெரிய வேண்டும். முறிந்த போல்ட்டின் முகம் எப்படி இருக்கிறது? கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் கண்ணின் இரு ஓரங்களிலும் பிதுங்கி வருகிறதா? தாடையின் கண்ணுக்கும் காதுகளுக்கும் நடுவே பக்கவாட்டு இடைவெளி எவ்வளவு?

எக்ஸ்கவேட்டர் (செந்தூல்)

மிதவைமேல் நீளக்கை எக்ஸ்கவேட்டரை ஏற்றி நான் கோலாலம்பூரில் குளம் தூர்வாரியிருக்கிறேன். அங்கே பக்கெட் பின்னுக்குக் கீப்பர் பிளேட் இருக்காது. காதோடு சேர்ந்த ஒரு வளையத்தையும் பின்னையும் ஊடுருவி ஒரே போல்ட் போகும், அதன் முனையில் இரட்டை நட். புதிதாக வருபவர்கள் அந்த நட்டை மூச்சைப் பிடித்து முறுக்குவார்கள். அது தவறு. இரண்டு நட்டுகளையும் ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, நட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும். போல்ட் கையால் அசைக்கும்போது சற்று ஆட வேண்டும். இறுக்கிப் பூட்டிய போல்ட் வளைந்து முறியும். உங்கள் பிளேட்டும் பின்னின் வெட்டுக்குள் இடைவெளியே இல்லாமல் திணித்து அடிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12.9 போல்ட்டை உப்புநீரில் நான் போடமாட்டேன். அவ்வளவு கடினமான எஃகு, துருப்பிடிக்கும் இடத்தில் திடீரென்று நொறுங்கும் குணமுள்ளது. துருப்பிடிக்காத எஃகு போட்டால் தீர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். வழக்கமாகக் கிடைக்கும் ஏ4-70 தரத்தின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்தான், நீங்கள் இப்போது போடும் 8.8 தரத்துக்கு அது 800.

ஓய்வுபெற்ற பிட்டர் (கிந்தா)

தம்பி, நான் இளவயதில் ஈயலம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) பிட்டராக இருந்தவன். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஓடிய ஈயக் கப்பல்களில், அதாவது மிதந்தபடியே ஈயமண்ணை வாரும் கப்பல்களில், நூற்றுக்கு மேற்பட்ட பக்கெட்டுகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு பின். அந்தப் பின்னைச் சுழலாமல் பிடிக்க நாங்கள் போல்ட்டை நம்பவில்லை. பின்னின் தலையிலேயே ஒரு பக்கம் உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கெட்டின் காதில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். உதடு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் பின் தலைகீழாக நின்றாலும் திரும்பாது. திருப்பும் விசையை இரும்போடு இரும்பு மோதித் தாங்க வேண்டும், மரை தாங்கக் கூடாது என்பது எங்கள் மூத்த பிட்டர் சொல்லிக்கொடுத்த பாடம்.

பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் டி.டி.5 கப்பல் இன்னும் நிற்கிறது. 1938இல் கட்டி 1982 வரை ஓடிய 4,500 டன் கப்பல் அது. ஒருநாள் போய் அந்தப் பக்கெட் வரிசையின் அருகில் நின்று, மூட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எழுதுவதைவிடத் தெளிவாக விளங்கும்.

பார்ஜ் பராமரிப்பு (பட்டர்வொர்த்)

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. கேட்ட விவரங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முறிந்த முகத்தை டீசலில் கழுவிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வழவழப்பாக, கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல் வரிவரியாக இருக்கிறது. மீதிதான் சொரசொரப்பான மணல்போல் இருக்கிறது.

கிரீஸ் கன்னின் கைப்பிடி நான்கைந்து அழுத்தலிலேயே கல்லாகிவிடுகிறது. உள்ளே நிறைந்துவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஓரங்களில் புதிய கிரீஸ் ஒரு சொட்டும் வரவில்லை. காய்ந்த சேறுதான் இருக்கிறது.

பக்கவாட்டு இடைவெளி ஒருபுறம் பூஜ்யம், மறுபுறம் 7 மி.மீ.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். கிராபைத் தளத்தில் கட்டைகள்மேல் உட்காரவைத்து, பின்னின் முனையிலும் காதிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். பிளேட்டைக் கழற்றிவிட்டு, ஆட்களை விலக்கி நிறுத்தி, தாடையை மெதுவாக ஒரே ஒரு முறை திறக்கச் சொன்னேன். பின்னின் விளிம்பில் கோடு 15 மி.மீ. விலகிவிட்டது. சுற்றளவு 314 மி.மீ. என்றால் அது ஏறத்தாழ 17 பாகை.

கடைசல் பட்டறை (பிறை)

அந்த வரிகள் களைப்பு முறிவின் கையொப்பம். ஒரே அடியில் முறியவில்லை. பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் அசைந்து, விரிசல் சிறுகச் சிறுக நடந்து வந்து முறிந்திருக்கிறது. சுமையே இல்லாத போதும் பின் தாடையோடு சேர்ந்து திரும்புகிறது என்றால் புஷ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கன் கல்லாவது நிறைந்ததால் அன்று, வழி அடைபட்டதால். அந்தப் புஷ்ஷைக் கடைசியாக மாற்றியது எப்போது?

பார்ஜ் பராமரிப்பு (பட்டர்வொர்த்)

எட்டு மாதத்துக்கு முன்பு, வேறொரு பட்டறையில் மாற்றினோம்.

கடைசல் பட்டறை (பிறை)

அப்படியானால் பின்னை எடுத்துவிட்டு, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பாருங்கள். கம்பி உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். புஷ்ஷின் முதுகில் முட்டி நின்றால், புஷ்ஷின் கிரீஸ் துளை கண்ணின் துளைக்கு நேராக இல்லாமல் அழுத்தப்பட்டிருக்கிறது.

பின்னை வெளியேற்றும்போது கடினப்படுத்திய முகத்தில் நேராகச் சம்மட்டியால் அடிக்காதீர்கள். சில்லுத் தெறித்தால் கண் போகும். நடுவில் ஒரு பித்தளைக் கட்டை வையுங்கள், கண்ணாடி போடுங்கள். துளைகள் நேராக நிற்கின்றனவா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் உங்கள் ஆட்களில் யாருக்காவது இருந்தால் அன்று அவரைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பார்ஜ் பராமரிப்பு (பட்டர்வொர்த்)

நீங்கள் சொன்னபடியே இருந்தது. கம்பி புஷ்ஷின் முதுகில் முட்டி நின்றுவிட்டது. உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்த்தால், புஷ்ஷின் துளை கால் சுற்றுத் தள்ளி, கண்ணின் குருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கிரீஸும் உள்ளே போனதில்லை. பின்னின் நடுப்பகுதி உழுத வயல்போல் கீறி, ஓரிடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. காதுகளின் துளைகளை அளந்தேன், நீள்வட்டம் 0.2 மி.மீ.க்குள்தான்.

கடைசல் பட்டறை (பிறை)

காதுகள் பிழைத்துவிட்டன, துளைகளை நேர்க்கோட்டில் மறுபடி கடையும் லைன் போரிங் செலவு மிச்சம். பின் புதிதாகக் கடைய வேண்டும். புதிய புஷ்ஷில் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: வெளிமேற்பரப்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, அதிலிருந்து உள்ளே இரண்டு துளைகள் போடச் சொல்லுங்கள். அப்போது புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்தாலும் கிரீஸ் வாய்க்காலைச் சுற்றி ஓடி உள்ளே போய்விடும். அழுத்துபவரின் கவனத்தை நம்ப வேண்டியதில்லை. உலர் பனிக்கட்டியில் குளிரவைத்தால், 130 மி.மீ. வெளிவிட்டமுள்ள வெண்கலம் கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். சம்மட்டி இல்லாமலேயே கண்ணுக்குள் இறங்கும். கையுறை போடுங்கள், மூடிய அறைக்குள் செய்யாதீர்கள். புஷ் பழைய சூட்டுக்கு வந்த பிறகு உள்விட்டத்தை மீண்டும் அளவெடுங்கள், ஏனெனில் கண்ணின் இறுக்கத்தில் அது சற்றுக் குறைந்திருக்கும்.

பக்கவாட்டு 7 மி.மீ. இடைவெளியை இருபுறமும் ஷிம் வளையங்கள் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையங்கள்) போட்டு, மொத்தம் ஒன்றிரண்டு மி.மீ. ஆக்குங்கள். தாடை பக்கவாட்டில் அலைவதுதான் பின்னை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

போல்ட்டுக்கு ஐயா சொன்ன வழியே சிறந்தது. கீப்பர் பிளேட்டின் இரு முனைகளையும் ஒட்டி, காதின்மேல் இரண்டு தடைக்கட்டைகளைப் பற்றவையுங்கள். திருப்பும் விசை பிளேட்டிலிருந்து கட்டைக்குப் போகும். போல்ட் பிளேட்டைக் காதோடு அழுத்திப் பிடிக்கும் வேலையை மட்டும் பார்க்கும். காது சாதாரண எஃகுதானா என்று உறுதிசெய்துகொண்டு, பின்னை வெளியே எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். எர்த் கிளாம்பை அந்தக் காதிலேயே மாட்டுங்கள்; பார்ஜின் தளத்தில் மாட்டினால் மின்னோட்டம் கம்பிவடம் வழியாகப் போய் இழைகளைச் சுட்டுவிடும். போல்ட் அதே எம்16, 8.8 தரம் போதும். தலையில் துளையிட்டு இரண்டையும் ஒரே கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பிட்டர் (கிந்தா)

கம்பி கட்டும்போது, போல்ட் தளர முயன்றால் கம்பி இழுபடும் திசையில் கட்ட வேண்டும், தம்பி. எதிர்த்திசையில் கட்டினால் அது வெறும் அலங்காரம்.

பார்ஜ் பராமரிப்பு (பட்டர்வொர்த்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய பின், வாய்க்கால் வெட்டிய புஷ், ஷிம், தடைக்கட்டை, கம்பிக்கட்டு எல்லாம் சொன்னபடி செய்தாகிவிட்டது. கிரீஸை உப்புநீரில் கழுவிப்போகாத கால்சியம் சல்போனேட் வகைக்கு மாற்றி, ஒவ்வொரு வேலைநேரத் தொடக்கத்திலும் இரு ஓரங்களிலும் சுத்தமான கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்கிறோம். வெள்ளைக்கோடு போட்ட இடத்தை விட்டு நகரவில்லை.

உழுதுபோன பழைய பின்னைத் தவுக்கேயின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். பற்றவைக்கும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. மற்ற மூன்று கண்களையும் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டார். நேற்று இரண்டாவதைத் திறந்தோம். அதிலும் கம்பி முட்டித்தான் நின்றது.