வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் டியூபின் பிரெஸ்டா வால்வுக்கு வழி உண்டா?

வணக்கம். வெள்ளவத்தை ஸ்டேஷன் வரை சைக்கிளில் வந்து கோட்டைக்கு ரயில் ஏறுகிறேன். காலையில் கல்லு மாதிரி இருக்கும் பின் சில்லு, மாலையில் திரும்பி வந்தால் தொய்ந்து கிடக்கிறது. போன மாதம் தொடங்கிய தொல்லை. காலி வீதி நெரிசலில் உருட்டிக்கொண்டுதான் வீடு போகிறேன்.

700×28 டயர், நுனியில் குட்டி நட்டு வைத்த மெல்லிய பிரெஸ்டா வால்வு. 80 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறேன்.

பெட்ரோல் ஷெட் குழாய் இதற்குப் பொருந்தவே இல்லை, அது கார் வால்வுக்கானது. பித்தளை அடாப்டர் வாங்கி மாட்டினேன். காற்று ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து ஓட்டை இல்லை என்றார். டயருக்குள் முள், கம்பி எதுவும் இல்லை. அப்புறம் வால்வு நுனியில் சவர்க்கார நுரை தடவினேன். நட்டை இறுக்கிய பிறகும் ஒரு குமிழி மெதுவாக ஊதி வெடித்தது. தண்டில் ஸ்பனர் பிடிக்க இரண்டு தட்டையான பக்கங்கள் தெரிகின்றன, ஆக உள் வால்வு கழற்றக்கூடிய வகை. அதை இறுக்கும் சின்னச் சாவி கடைக்காரரிடம் இல்லை. குறட்டால் திருகத் துணிவில்லை, மெல்லிய பித்தளை.

வெளிநாட்டு ஸ்டேஷன்களில் ஒரு இரும்புத் தூண், அதில் கேபிளில் தொங்கும் ஸ்பனர்கள், பக்கத்தில் பம்ப் என்று வைத்திருப்பார்கள். இங்கே வெயில் காயும் கம்பி வேலிதான் ஸ்டாண்ட்!

கோட்டைக்கும் தெஹிவளைக்கும் இடையில் ஏதாவது ஸ்டேஷன் பக்கத்தில், மாலை ஆறரைக்குப் பிறகும் இந்தச் சாவியும் பிரெஸ்டா பம்பும் கிடைக்கும் இடம் எது?