பழைய பெட்ரோல் லோரியில் மிஸ்ஸிங்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் (சுங்கை சிப்புட் பக்கம்)

லிந்தாங் ரோட்டுக்காரன்:

டட்சன் 620, ஜே15 இன்ஜின். அப்பா காலத்து வண்டி. இப்போது ஆட்டுக்குப் புல் ஏற்றுவதற்கும், எப்போதாவது செம்பனைக் குலை ஏற்றுவதற்கும்தான் ஓடுகிறது. மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் சீராக எரியாமல் விட்டுவிட்டு அடிப்பது, எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிக்னலில் நின்றால் வண்டியே குலுங்கும். சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பு) பாதி இழுத்தால் அடங்கும், உள்ளே தள்ளினால் மறுபடி ஆரம்பிக்கும்.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். போமன் (மெக்கானிக்) மிக்ஸ்சர் ஸ்குருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகிப் பார்த்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர் போய்விட்டது, புதுசு போட நானூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார். அங்கே மோட்டாருக்குக் காற்றடிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். அரைச் சிலுவார், தோளில் துண்டு. முன்பு ஏதோ தோட்டத்தில் லோரி ஓட்டியவராம். ஏர் கிளீனரைக் கழற்றச் சொன்னார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஓடுகிற இன்ஜினில் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் மெதுவாக மூடினார். முழுக்க இல்லை, முக்கால்வாசி. அதுவரை ஆடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்படியே சீராகிவிட்டது! கையை எடுத்தார், குலுங்கியது. மறுபடி மூடினார், அடங்கியது. “காத்து எங்கேயோ திருட்டுத்தனமா உள்ளே போகுது, பெட்ரோல் பத்தல” என்றார்.

அப்புறம் ஒரு போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டரின் அடிப்பக்கம் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பின்பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால், கார்புரேட்டருக்கும், கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகிற மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கிற கறுப்புத் தட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அந்தத் தட்டையும் மேலும் கீழும் இருக்கிற காஸ்கெட்டுகளையும் மாற்றியதோடு சரியானது.

அவர் போகும்போது போமனைப் பார்த்து, “அந்த ஸ்குருவ எத்தனை சுத்து திருப்பினே, கணக்கு வெச்சிருக்கியா?” என்று கேட்டார். போமன் வாயே திறக்கவில்லை. அந்தப் பெரியவர் யார் என்று விசாரித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

கோலகங்சார் மச்சான்:

ஆளைத் தெரியாது, ஆனால் என் கதையைக் கேளுங்கள். பழைய ஹைலக்ஸ். கிளம்பும்போது அருமையாக ஓடும். கோலகங்சார் பழைய ரோட்டில் பாதி தூரம் போனதும் இழுவை குறையும், துப்பும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் என்றார்கள், மாற்றினேன். ஃபில்டர் மாற்றினேன். அதே கதை.

ஒருநாள் மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் நின்றுவிட்டது. பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பின்னால் மோட்டாரில் வந்த பையன் தன் டயர்தான் போய்விட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தான்! மூடியைத் திறந்த கையோடு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்தது.

பழைய மூடி காணாமல் போய், வீட்டில் கிடந்த வேறு வண்டி மூடியைப் போட்டிருந்தோம். அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை என்றால் பம்ப் எவ்வளவுதான் உறிஞ்சும்? மூடி விஷயம் போகட்டும். பம்ப் மாற்றியவர் என்னுடைய பழைய பம்பைத் திருப்பித் தரவில்லை. நல்ல பம்ப். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஸ்பானர் தாத்தா:

லிந்தாங் ரோட்டுத் தம்பி, அந்தப் பெரியவர் செய்ததைப் பார்த்து நீங்களும் கையை வைக்காதீர்கள். லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிற இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும். என்னோடு வேலை பார்த்தவருக்குப் புருவம் கருகியதை நேரில் பார்த்தவன் நான். கைக்குப் பதில் சோக்கை இழுத்தாலே அதே சோதனைதான். நீங்களே முதலில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் பரவாயில்லை. சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது, தீப்பிடிக்கும்.

என் அனுபவம் சின்னது. தோட்டத்துப் பெட்ஃபோர்ட் பெட்ரோல் லோரி, காலையில் நன்றாக இருக்கும், மதியம் சூடேறினால் மிஸ்ஸிங். பிளக் நெருப்புக்கான மின்சுற்றில் இருக்கிற கண்டென்சரை மாற்றினோம், மிஸ்ஸிங் நின்றது. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே கார்புரேட்டரில் கை வைப்பதால் சொல்கிறேன். முதலில் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எல்லாம் கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், எல்லாம் வெளுப்பு என்றால் காற்று அதிகம், ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரில் நெருப்பு வரவில்லை. இன்ஜின் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுங்கள், ரப்பர் பிடி போட்ட குறடால். எதை எடுத்தும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். வயரைக் கழற்றினால் 1-3-4-2 வரிசையில் திருப்பிப் போடுங்கள், நம் பக்கத்து நான்கு சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயிண்டின் இடைவெளி ஜே15-க்கு அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பாயிண்டின் குதி தேயத் தேய அந்த இடைவெளி குறையும், டைமிங்கும் (நெருப்பு வரும் நேரம்) பின்னால் போகும். அதனால் பாயிண்டைச் சரிசெய்யாமல் டைமிங் பார்ப்பது வீண். வால்வ் இடைவெளியையும் பாருங்கள். இத்தனையும் சரி என்றால்தான் கார்புரேட்டர். அதிலும் டட்சனில் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. பெட்ரோல் மட்டம் அதிலுள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். சாவியைப் போட்டதும் ஐடில் சொலினாய்டு (ஸ்லோவுக்கான பெட்ரோலைத் திறந்துவிடும் மின் வால்வ்) டிக் என்று அடிக்கிறதா கேளுங்கள். அடிக்கவில்லை என்றால் வயரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) இன்ஜின் நிற்காமல் ஓடவே ஓடாது.

ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த இன்ஜின்களுக்குக் கம்ப்ரஷன் குறைவு, 95 தாராளம். 2025 செப்டம்பர் கடைசியில் அரசாங்கத்தின் பூடி மானியத் திட்டத்தில் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்க ஆரம்பித்த 95-ஐ விட்டுவிட்டு ஏன் காசைக் கரைக்க வேண்டும்?

வேன்காரர் மகள்:

தாத்தா, பாயிண்ட், வால்வ் எல்லாம் சொல்லிவிட்டு பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை விட்டுவிட்டீர்களே! எங்களுடையது லோரி இல்லை, அப்பாவின் நிசான் வேனெட், சி22. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) காய்கறி வியாபாரம். மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்த அன்று சந்தை முடிந்து சாமான் ஏற்றிக் கிளம்பினால் திக்கித் திக்கித்தான் ஓடும். மறுநாள் போமனிடம் கொண்டுபோனால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். நன்றாக ஓடும். அடுத்த மழைக்கு மறுபடி அதே தொல்லை. ஒரு ராத்திரி அப்பா சீட்டைத் தூக்கி இன்ஜினைத் திறந்தார், நான் டார்ச் பிடித்தேன். “டார்ச்ச அணை” என்றார். அணைத்ததும் பார்த்தேன்: மூடியின் மேல் நீல நிறத்தில் நூல் நூலாக நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. வயர் குத்தும் இடத்தில் ஒன்று, கிளிப் பக்கம் ஒன்று. அழகாகக்கூட இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். கழற்றித் துடைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. அதைச் சுரண்டினாலும் நிற்காது, மூடியைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு ஆறாதது இதுதான்: கார்புரேட்டர் கழுவிச் சரியானது என்று நாங்கள் நினைத்த ஒவ்வொரு முறையும், பட்டறைக்குப் போவதற்குள் மூடி தானாகக் காய்ந்திருக்கிறது. கழுவியதற்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறோம்.

பழைய லேண்ட்ரோவர்:

எல்லாரும் சேர்ந்து கார்புரேட்டருக்கு நற்சான்றிதழ் கொடுப்பதால் எழுதுகிறேன். தோட்டத்து மேனேஜர் ஓட்டிய சீரிஸ் 3, 2.25 லிட்டர் பெட்ரோல், செனித் கார்புரேட்டர். பிளக் புதுசு, பாயிண்ட் புதுசு, கண்டென்சர் புதுசு, மூடியும் புதுசு. இருந்தும் ஸ்லோவில் கறும்புகை, பெட்ரோல் வாடை, மிக்ஸ்சர் ஸ்குருவை முழுக்க மூடினாலும் இன்ஜின் கவலைப்படவில்லை.

கார்புரேட்டரின் மேல்பாதியைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து, பின்னால் டார்ச் அடித்தேன். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. காலங்காலமாக ஆள் மாற்றி ஆள் ஸ்குருவை இறுக்கி இறுக்கி வளைத்து வைத்திருந்தார்கள். வளைந்தால் உள்ளே இருக்கிற ஓ-ரிங் அழுந்தாது, பெட்ரோல் தப்பிப் போகும். கண்ணாடியில் நைஸ் மணல்தாள் ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கி, புது ஓ-ரிங் போட்டேன். புகை நின்றது. ஸ்பானர் ஐயா, உங்கள் வரிசை சரிதான். ஆனால் எங்கள் கார்புரேட்டரை வரிசையின் கடைசியில் வைத்ததால்தான் அத்தனை புதுச் சாமான் வாங்கினேன்.

ஸ்பானர் தாத்தா:

லேண்ட்ரோவர்காரரே, பிளக் கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் என்றுதானே எழுதினேன்? கறும்புகையும் அதே அடையாளம்தான். அதைப் பார்த்த பிறகும் கண்டென்சர் வாங்கச் சொன்னது நானா? தங்கச்சி சொன்னது நியாயம், மூடியை நான் சேர்த்திருக்கலாம்.

கோலகங்சார் மச்சான், டேங்க் மூடி வாங்கும்போது கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வெளிப்பக்கத்திலிருந்து ஊதினால் காற்று உள்ளே போக வேண்டும். உள்பக்கத்திலிருந்து ஊதிப் போகவில்லை என்றால் பழுது என்று நினைக்காதீர்கள், சில மூடி அப்படித்தான், ஒரு பக்கம் மட்டும் விடும்.

கோலகங்சார் மச்சான்:

தாத்தா, வாயில் வைத்து ஊதிவிட்டு வேண்டாம் என்று வைத்தால் கடைக்காரர் சும்மா விடுவாரா? மூடி கிடைத்துவிட்டது. பம்ப்தான் கிடைக்கவில்லை.