மொராக்கோ ராணுவத்தின் மணல் சுவர்: நிஜமாகவே யாரையாவது தடுக்குமா?

நிலவன்:
சாட்டிலைட் படத்தில் மேற்கு சஹாராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கிழித்த மாதிரி ஒரு மண்மேடு போய்க்கொண்டே இருக்கிறது. மொத்தம் 2,700 கி.மீ.யாம், மொராக்கோ ராணுவம் எழுப்பியதாம். இரண்டு மூன்று மீட்டர் உயர மேடு யாரைத் தடுக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சேது:
நான் மொராக்கோவின் ஜோர்ஃப் லாஸ்ஃபார் துறைமுகத்தில், பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் ஆலையில் ஆறு வருஷம் இருந்தவன். குடியிருந்தது பக்கத்து ஊரான எல் ஜதீதாவில். கீழ்வீட்டுக்காரர் அந்தச் சுவரில் காவல் இருந்து ஓய்வுபெற்ற சார்ஜண்ட். அவரிடம் இதையேதான் கேட்டேன்.

சர்க்கரைக் கூம்பை உடைத்து, கட்டிகளை டீத்தட்டில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு காவல் நிலை. முன்னால் புதினாக் காம்புகளைப் பரப்பினார், அது கண்ணிவெடி. பின்னால் ஒரு கரண்டி, அது வண்டிகளோடு தயாராக நிற்கும் படை. "சுவர் தடுக்காது தம்பி, தாமதப்படுத்தும்" என்றார். ஜீப் மேட்டில் ஏறத் திணறுவதற்குள் ராடார் பார்த்துவிடும், பீரங்கி சுடும், கரண்டி வந்து சேர்ந்துவிடும்.

சுவர் வருவதற்கு முன் அந்த ராணுவம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேற்கு சஹாராவை ஆண்ட ஸ்பெயின் 1976 தொடக்கத்தில் கிளம்பியபின், அங்கே தனிநாடு கேட்கும் போலிசாரியோ இயக்கத்தின் வீரர்கள் லேண்ட்ரோவரில் துப்பாக்கி பொருத்தி வந்து அடித்துவிட்டுப் பாலைவனத்தில் மறைந்துவிடுவார்கள். ஊர்களுக்குள் முடங்கிக் கிடந்த படையால் துரத்தவே முடியவில்லை. பூ க்ரா சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் பாஸ்பேட் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் கிட்டத்தட்ட 100 கி.மீ. நீளம். எங்கே வேண்டுமானாலும் அதை அறுக்கலாம், அறுத்தார்கள். கன்வேயர் நின்றால் சுரங்கமும் நிற்கும். 1980-இல் தொடங்கி 1987 வரை கட்டம் கட்டமாகச் சுவர் எழுப்பினார்கள். முதல் கட்டத்திலேயே சுவருக்கு உள்ளே வந்தவை ஸ்மாரா, லாயூன் நகரங்களும் பூ க்ரா சுரங்கமும். பாஸ்பேட்டில் சம்பளம் வாங்கியவன் என்பதால் அந்த வரிசை எனக்குச் சட்டென்று புரிந்தது.

நிலவன்:
நன்றி அண்ணா. 1991-இல்தான் போர்நிறுத்தம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

சேது:
தனிநாடா, மொராக்கோவோடா என்று மக்களிடம் ஐ.நா. நடத்துவதாகச் சொன்ன வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2020 நவம்பர் 13-இல் மொரித்தானியா எல்லையருகே குவர்குவராத்தில் போலிசாரியோ ஆதரவாளர்கள் செய்த சாலை மறிப்பை அகற்ற மொராக்கோ படை இறங்கியது. போர்நிறுத்தம் முடிந்தது என்று போலிசாரியோ அறிவித்துவிட்டது. அதனால் காவலை எடுக்க வழியில்லை. எனக்கு மனசு ஆறாதது கண்ணிவெடிதான். ஒட்டகம் தேடிப் போகும் சஹ்ராவி (அந்த மண்ணின் மக்கள்) மேய்ப்பர்கள் இன்றும் கால்களை இழக்கிறார்கள். சார்ஜண்டும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

மீனா:
அங்கே கட்டாய ராணுவச் சேவை உண்டா?

சேது:
2006-இல் நிறுத்தினார்கள், 2019-இல் திரும்ப வந்தது. 19 முதல் 25 வயது வரை, 12 மாதம். பெண்கள் விரும்பினால் சேரலாம். சார்ஜண்ட் வீட்டுப் பேரனுக்கு அப்போது பதினேழு. பாட்டி அப்போதே நாள் எண்ண ஆரம்பித்திருந்தார்.