பிளாஸ்டிசிட்டிக்குத் தமிழில் என்ன போடுவது? வெள்ளிக்கிழமை அச்சு

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நடனப் பள்ளியும் ஒரு கல்லூரியின் சிவில் துறையும் சேர்ந்து ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறோம். கையேட்டில் மூன்று கட்டுரை: நடனம் பற்றி நான், கட்டடம் பற்றி நம் நாகர்கோவில் சார், உலோகம் பற்றி அவருடைய பழைய மாணவர். மூன்றிலும் பிளாஸ்டிசிட்டி வருகிறது. நான் "நெகிழ்வு" என்று எழுதியிருக்கிறேன், சார் "நெகிழித்தன்மை" என்கிறார், தம்பி பிளாஸ்டிசிட்டி என்றே விட்டுவிட்டார். படிக்கிற பிள்ளைக்கு இவை மூன்றும் ஒன்று என்று எப்படித் தெரியும்? வெள்ளி காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே சொல் போதும். தயவுசெய்து சங்க இலக்கியத்துக்குப் போகாமல் சொல்லுங்கள்.

நாகர்கோவில் சார் எழுதியது:

டீச்சர், "நெகிழ்வு" மட்டும் வேண்டாம். மூங்கிலை வளைத்து விட்டால் நிமிர்கிறதே, அதற்கு நெகிழ்வு என்று சொல்லிப் பழகிவிட்டோம். நமக்கு வேண்டியது நிமிராதது. சாதாரணக் கட்டுமான எஃகை 250 மெகாபாஸ்கல் வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதுவரை அது நீண்டிருப்பது மீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி இழுத்தால் அறுவதற்குள் நூற்றுக்கு இருபதுக்கு மேலேயே நீளும், விட்டாலும் திரும்பாது. அந்தத் திரும்பாத பகுதிதான் பிளாஸ்டிக்.

இதைக் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிலநடுக்கத்தில் உத்தரத்துக் கம்பி இப்படி இழுபட்டுக் கொடுப்பதால்தான் கட்டடம் சட்டென்று விழாமல் தொங்கி நிற்கிறது, உள்ளே இருப்பவர் வெளியே ஓட நேரம் கிடைக்கிறது. பாடநூலில் எலாஸ்டிசிட்டிக்கு "மீட்சிப்பண்பு" இருக்கிறது. பிளாஸ்டிக் பைக்கு நெகிழி என்று ஊரே எழுதுகிறது. ஆகவே நெகிழித்தன்மை. முடிந்தது.

அதங்கோடு ஐயா எழுதியது:

முடியவில்லை. டீச்சர் மன்னிக்க வேண்டும், சங்கத்துக்குப் போகவில்லை, குறள் வரைதான் போகிறேன். "தொடியொடு தோள்நெகிழ நோவல்" (1236). அவள் தோள் நெகிழ்ந்தது என்றால் மெலிந்து தளர்ந்தது; தொடி நெகிழ்ந்தது என்றால் கையை விட்டுக் கழன்றது. நெகிழ் என்ற வினையில் தளர்ச்சி உண்டு, கழலுதல் உண்டு, உருக்கம் உண்டு. புதிய உருவத்தை ஏற்று அதைக் காப்பாற்றுதல் எங்கே உண்டு? நெகிழி என்று பையில் அச்சடித்தவர் இதை யோசிக்கவில்லை.

மூலத்தைப் பாருங்கள். கிரேக்கத்தில் "பிளாஸ்ஸெய்ன்" என்றால் மண்ணைப் பிசைந்து உருவாக்குவது. நமக்கு அதே தொழிலுக்கு அதே சொல் கையிலேயே இருக்கிறது: வனைதல். "செய்பவன் கருவி நிலஞ்செயல் காலம்" என்று தொடங்கும் நன்னூல் நூற்பாவுக்கு உரை சொல்பவர்கள் காட்டுகிற வினையே "வனைந்தான்" தான். குயவன், சக்கரம், மண், குடம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். வனையப்படும் தன்மை வனைமை. வனைமை, வனைவு, வனைபொருள், வனையெல்லை என்று குடும்பமே கிளைக்கும். வனப்பு என்பதும் இதிலிருந்தே பிறந்தது என்பது என் துணிபு. நன்றாக வனையப்பட்டதே அழகு. வண்ணம் என்பதையும் இத்தோடு சேர்க்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். நடனத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

தக்கலை எழுதியது:

ஐயா, தனி மடலிலேயே எழுதுங்கள்.

நான் பத்திரிகைக்கு மொழிபெயர்க்கிறவன். "வனைமை" என்று போட்டால் பிழை திருத்துபவர் அதை "வன்மை" ஆக்கிவிடுவார், அப்புறம் எஃகின் வன்மை என்று நேர் எதிர்ப்பொருளில் அச்சாகும். பிளாஸ்டிக் என்று மீன்கடைப் பாட்டிக்கும் தெரியும். பிளாஸ்டிக் தன்மை என்று எழுதினால் என்ன கெட்டுப்போகும்? உங்கள் ஊர் ஆசான் முன்னால் அரங்கேறிய தொல்காப்பியமே "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறதே.

அதங்கோடு ஐயா எழுதியது:

திறந்தது வடசொல்லுக்கு. அதுவும் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்தால். பிளாஸ்டிக்கில் அந்த "ஸ்" வாசலில் நிற்கும்போதே பல்லை இளிக்கிறது. "பிளாத்திக்கு" என்று எழுதத் தயாரா? "அரில்தபத் தெரிந்து" என்று பாயிரம் சொல்வது பிழை நீங்க ஆராய்ந்து என்று. எங்கள் ஊர் ஆசானிடம் தக்கலையார் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

குலசேகரம் எழுதியது:

சாரே, இவ்வளவு நேரமா எல்லாரும் இரும்பையும் மண்ணையும் பேசுதீங்க. ரப்பரை ஒருத்தரும் தொடல்ல. ரப்பர்னா இழுத்தா திரும்பும், அது எலாஸ்டிக், பிளாஸ்டிக் இல்லன்னுதானே பள்ளிக்கூடத்தில படிச்சோம்? எனக்க வேலையே ரப்பருக்கு பிளாஸ்டிசிட்டி பாக்கியதுதான், கேட்டியளா.

கந்தகம் சேத்து வேகவைக்காத பச்சை ரப்பர் முழுசா திரும்பாது. அதிலிருந்து சின்ன வில்லையா வெட்டி, 100 டிகிரி சூட்டில ரெண்டு தட்டுக்கு நடுவில வச்சு 15 விநாடி அமுக்குவோம். அமுங்கினபிறகு மிச்சம் இருக்கிற தடிப்பை மில்லிமீட்டரில நூறில ஒரு பங்கா எண்ணுவோம். 0.40 மில்லிமீட்டர் இருந்தா பிளாஸ்டிசிட்டி 40. பிறகு இன்னொரு வில்லையை 140 டிகிரி அடுப்பில 30 நிமிசம் வச்சுட்டு மறுபடி அமுக்குவோம். முதல்ல வந்ததில நூத்துக்கு எத்தனை மிஞ்சுதுன்னு கணக்கு. உயர்ந்த தரத்துக்கு 60-க்குக் குறையக்கூடாது. ஒட்டுப்பால், அழுக்குப்பால் கலந்த சரக்குன்னா அங்கேதான் மாட்டும்.

இதில ஒரு கோளாறு உண்டு. எண் கூடினா ரப்பர் அமுங்கல்லன்னு அர்த்தம். பிளாஸ்டிசிட்டி 60 உள்ள ரப்பர் 40 உள்ளதைவிட முரடு. நீங்க நல்ல தமிழ்ச் சொல்லா ஒண்ணு வச்சு "எண்" சேத்தா படிக்கியவன் தலைகீழாப் புரிஞ்சிடுவான். பாத்துக்கிடுங்க.

நாகர்கோவில் சார் எழுதியது:

இது நல்ல சிக்கல். எங்கள் மண் ஆய்வகத்தில் நேர்மாறு. களிமண்ணைக் கண்ணாடிமேல் உள்ளங்கையால் திரியாக உருட்டுவோம். 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு வரும்போது திரி வெடித்து உதிர்ந்தால் அப்போது மண்ணில் இருக்கும் ஈரம்தான் பிளாஸ்டிக் லிமிட். 1911-ல் சுவீடன்காரர் அட்டர்பெர்க் வகுத்தது, இன்றும் கையால்தான் உருட்டுகிறோம். கூழாக ஓடத் தொடங்கும் ஈரத்திலிருந்து இதைக் கழித்தால் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ். அந்த எண் 17-ஐத் தாண்டினால் நன்றாகப் பிசைபடும் மண். அங்கே எண் கூடினால் குணமும் கூடும்.

"நெகிழி எல்லை" என்று போன வருடம் கரும்பலகையில் எழுதியபோது ஒரு பெண், "பிளாஸ்டிக் தடை செய்யப்பட்ட பகுதியா சார்?" என்று கேட்டாள். என் வாக்கை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கும் போல.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

சார் கட்டுரையின் வரைவில் "நிரந்தர உருத்திரிபு" என்று ஒரு விளக்கம் இருக்கிறது. என் மாணவிகளின் உடம்புக்கு அதை அச்சடிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவர்கள் அம்மாமார் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

அரைமண்டியில் உட்காரச் சொன்னால் புதுப்பிள்ளைக்கு முட்டி வெளியே திரும்பாது. தொடையை வலுவில் திருப்பினால் முட்டிக்குள் வலிக்கும், அதுதான் சார் சொல்லும் அறுகிற எல்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்த பிறகு இடுப்பிலிருந்தே திரும்புகிறது. அது திரும்பிப் போகாதது, சரி. ஆனால் திரிபும் இல்லை. திருவட்டாறு கோயிலில் கதகளி பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆட்டக்காரர்களைச் சிறுவயதில் மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்து ஆசான் காலால் உழிந்து உழிந்துதான் அந்த இடுப்பு வருகிறது. எலும்புகூடச் சுமக்கிற பாரத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் என்று 1892-லேயே வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதியிருக்கிறார். கம்பி தன்னைக் கட்டிக்கொள்ளுமா? உடம்பு பொருளும் அதுவே, ஆளும் அதுவே. இந்த இரண்டும் அந்தச் சொல்லில் வர வேண்டும்.

வடசேரி எழுதியது:

நான் பொதுவாக வாசிப்பவன்தான், எழுதுவதில்லை. டீச்சரின் பிள்ளைகள் அணியும் ராக்கொடியும் ஒட்டியாணமும் எங்கள் தெருவில் செய்வது. வெள்ளித் தகட்டை அடிக்க அடிக்க இறுகும். ஒரு கட்டத்துக்குமேல் ஓசை மாறும், அந்த ஓசைக்குப் பிறகும் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விழும். அப்போது தீயில் காட்டி ஆறவிட்டால் தகடு இளகிவிடும், மறுபடி அடிக்கலாம். பட்டறையில் நாங்கள் சொல்வது இளக்கம். ஆனால் தீயில் காட்டிய பிறகு வருவதைத்தான் அப்படிச் சொல்வோம்.

உலோகக் கட்டுரைக்காரர் எழுதியது:

அண்ணன் சொன்ன அந்த ஓசைதான் என் கட்டுரை முழுவதும். உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டுமென்றால் நாம் காணும் விசையைப்போல் பல மடங்கு தேவைப்படும். அடுக்கில் இருக்கும் ஒரு பிசகுதான் நகர்கிறது என்று 1934-ல் டெய்லர், ஒரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். விரித்த பாயை இழுக்காமல், அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போனால் பாய் நகர்ந்துவிடுவது மாதிரி. அடிக்க அடிக்கச் சுருக்கங்கள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், தகடு இறுகும். சூடு அந்தச் சிக்கலை எடுக்கிறது.

சொல் விஷயத்தில் எனக்குக் கட்சி இல்லை. பிளாஸ்டிசிட்டி என்றே விட்டாலும் சந்தோஷம்.

தக்கலை எழுதியது:

இரவு யோசித்ததில் ஒன்று தோன்றியது. குழைமை. களிமண் குழையும், தகடு குழையும், உடம்பைக் குழைத்து ஆடினாள் என்று சொல்கிறோம். அதங்கோடு ஐயாவுக்காகக் குறளும் உண்டு: "மோப்பக் குழையும் அனிச்சம்". முகர்ந்ததும் குழைந்த அனிச்சம் மறுபடி நிமிர்வதில்லை. மீளாமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டிக் லிமிட்டுக்குக் குழைமை எல்லை, பிளாஸ்டிக் ஹிஞ்சுக்குக் குழைமைக் கீல், எல்லாம் வாயில் நுழைகின்றன.

குலசேகரம் எழுதியது:

வீட்டில சோறு குழைஞ்சு போச்சுன்னா மறுபடி அரிசியாகாது, அதனால எனக்கு சம்மதம். ஆனா ரப்பருக்கு "குழைமை எண்"ணுன்னு போடக்கூடாது. "அமுங்கு தடிப்பு"ன்னு நேரா எழுதுங்க.

அதங்கோடு ஐயா எழுதியது:

அனிச்சம் குழைந்தது வாடியது. "முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து", அங்கே குழைவது மனம், அதுவும் வாடித்தான். குழை என்றால் தளிர், குழை என்றால் காதணி. மகரக்குழை டீச்சருக்குத் தெரியாததா? காதை இழுத்து நீட்டியது அந்தக் குழை என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். குழைதலில் செய்பவன் இல்லை. வனைதலில் இருக்கிறான். பொருளும் ஆளும் வேண்டும் என்று கேட்டது டீச்சர்தான்.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

மணி பதினொன்றரை. காலையில் அச்சகம். தனி மடலில் சொன்னவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்: குழைமைக்கு நான்கு பேர், அதில் வடசேரி அண்ணன் "இளக்கம் கிடைக்காவிட்டால்" என்கிறார். வனைமைக்கு ஒருவர். தம்பி எதற்கும் தயார். கட்டுரைகளில் குழைமை போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிசிட்டி என்று சேர்த்து. ரப்பர்ப் பெட்டிச் செய்தியில் அமுங்கு தடிப்பு. நடனக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தில் "வனைந்த உடல்" என்று எழுதியிருக்கிறேன் ஐயா, அதை யாரும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஆசாரிபள்ளம் எழுதியது:

தாமதமாகப் பார்க்கிறேன், மன்னிக்கவும். நான் நரம்பியல் பக்கம் இருக்கிறேன். பக்கவாதம் வந்தவருக்குக் கை செயலிழந்தால், பயிற்சி கொடுக்கக் கொடுக்க மூளையின் பக்கத்துப் பகுதி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்கிறது. அதற்கும் பிளாஸ்டிசிட்டி என்றுதான் பெயர். இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆனால் நோயாளியின் மகனிடம் "அப்பாவின் மூளைக்குக் குழைமை இருக்கிறது" என்று சொன்னால் அவர் அங்கேயே அழுதுவிடுவார். உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா?

அதங்கோடு ஐயா எழுதியது:

இருக்கிறது. முதல் நாளே கொடுத்துவிட்டேன். வண்ணம் பற்றிய மடலையும் இத்துடன் அனுப்புகிறேன்.