புவிநிலைச் செயற்கைக்கோள் கணக்கு: விடை ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி:
புவிநிலைச் செயற்கைக்கோளின் (பூமியோடு ஒத்துச் சுற்றுவதால், தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிவது) உயரம் கேட்டிருக்கிறார்கள், விடை 35,786 கி.மீ. சுற்றுக்காலத்தை 24 என்று போட்டு, இருபடியாக்கி, ஜிஎம்-ஆல் (ஈர்ப்பு மாறிலி ஜி × பூமியின் நிறை எம்) பெருக்கி, 4பை² ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தால் 180 கி.மீ. வருகிறது. அப்புறம்தான் வினாடியில் போட வேண்டும் என்று உறைத்தது. 86,400 போட்டேன், இப்போது 42,241 கி.மீ. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், எங்கே தப்பு?

பதில் 1:
கணக்கில் தப்பில்லை, கேள்வியைப் படித்ததில்தான். சூத்திரம் தருவது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். கேட்டது தரையிலிருந்து உயரம். பூமியின் ஆரத்தைக் கழியுங்கள். அந்த 180-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும், மையத்திலிருந்து 180 கி.மீ. என்றால் உங்கள் செயற்கைக்கோள் பூமியின் உள்கருவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது!

கேட்டவர்:
ஐயோ, ஆமாம். நிலநடுக்கோட்டு ஆரம் 6,378-ஐக் கழித்தால் 35,863. இன்னும் 77 கி.மீ. உதைக்கிறதே?

பதில் 2:
அது நாளின் கோளாறு. 24 மணி என்பது சூரியன் உச்சியிலிருந்து மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம். பூமி ஒரு முழுச் சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான் ஆகிறது, ஆனால் அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி உச்சியில் பிடிக்க இன்னும் நாலு நிமிடம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் ஒத்துப்போக வேண்டியது பூமியின் சுழற்சியோடு, சூரியனோடு இல்லை. 86,164 வினாடி போடுங்கள், 42,164 வரும், கழித்தால் 35,786.

பதில் 3:
ஜிஎம் மறந்துபோனால் எனக்குக் கைகொடுப்பது நிலாதான். தூரம் 3,84,400 கி.மீ., சுற்றுக்காலம் 27.3 நாள். நமக்கு வேண்டியது ஒரு நாள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி (சுற்றுக்காலத்தின் இருபடி, தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதம்) 27.3-ன் இருபடிக்குக் கனமூலம் எடுத்தால் சுமார் 9.07, அதால் வகுத்தால் ஏறக்குறைய 42,400. அலகுத் தொல்லையே கிடையாது.

கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன், அருமை. ஆனால் 24 மணிக்கு வந்த 42,241-ஐ விட 150 கி.மீ. சொச்சம் கூட வருகிறதே?

பதில் 3:
விட மாட்டீர்கள் போல! நிலாவின் நிறை பூமியில் 81-ல் ஒரு பங்கு, செயற்கைக்கோளைப் போல அதைச் சுழியம் என்று விட முடியாது. நிலாவுக்கு ஜிஎம்-இல் இரண்டு நிறைகளையும் கூட்டிப் போட வேண்டும். அதனால் தூரத்தில் 0.4 சதவீதம் கூடும், மிச்சத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.