பறக்கும் நாரை ஒரு படத்தில் கறுப்பு, மறு படத்தில் வெளுப்பு: என்ன செட்டிங் வைப்பது?

காரைக்குடிக்காரன்:
கேனான் 1500டி, 55-250 லென்ஸ். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் கூடு கட்டும் கண்மாய்க்குக் காலையில் போய்ப் படமெடுக்கிறேன். உட்கார்ந்திருக்கும் நாரை நன்றாக விழுகிறது. பறந்தால் போச்சு. வானத்தில் கரிக்கட்டையாக இருக்கிறது. அதே நாரை கருவேலமரத்துக்கு இறங்கும்போது இறகே தெரியாமல் வெளுத்துவிடுகிறது. இறக்கை நுனியும் கலங்கல். ஏவி மோடு (ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும்), லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஒன் ஷாட் ஃபோகஸ் (ஒருமுறை பிடித்ததும் அங்கேயே நின்றுவிடும்). ஷட்டர் வேகம் 1/400 நொடி பக்கம் நிற்கிறது. பெரிய லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?

கண்மாய்க்கரை:
லென்ஸ் இருக்கட்டும் தம்பி, அது போதும். நாரை மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறுகிறது. வெளிச்சமான வானத்தைப் பார்த்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும்; இருண்ட மரத்தைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் கூட்டும். அதனால் வெளிச்ச அளவைக் கேமராவிடம் விடாதீர்கள். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்குப் போங்கள். வெயில் நன்றாக ஏறியதும் 1/1600, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400-ல் தொடங்குங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம், அது பழைய கதைக்கே கொண்டுபோய் விடும். ஒரு படம் எடுத்து, வெள்ளை இறகில் வரி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரியாவிட்டால் ஐஎஸ்ஓ 200. மேகம் மறைத்தால் மட்டும் மாற்றினால் போதும்.

ஃபோகஸை ஏஐ செர்வோவில் (அசையும் பறவையை விடாமல் தொடரும்) வையுங்கள், ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும். 1500டியில் ஒன்பது புள்ளிகளில் நடுவில் இருப்பதுதான் கூர்மையானது. நாரை தூரத்தில் வரும்போதே ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பின்தொடருங்கள். கிட்ட வந்தபின் தேடினால் கிடைக்காது. தொடர் படத்தில் நொடிக்கு மூன்றுதான் வரும், ஆகவே இறக்கை மேலே ஏறும் நேரம் பார்த்து அழுத்துங்கள்.

அப்புறம், நிற்கும் இடம். எனக்கு இதுதான் செட்டிங்கைவிட முக்கியம். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப்பக்கம். நாரை கால்களைத் தொங்கவிட்டு உங்கள் முகத்துக்கு நேராக இறங்கும்.

தேவகோட்டை டீச்சர்:
பறக்க வைக்கிறேன் என்று யாரும் கைதட்டவோ கல்லெறியவோ வேண்டாம். தாய் எழுந்தால் காக்கை கூட்டுக்குள் புகுந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்குள் இறங்காமல் கரையிலேயே நில்லுங்கள்.

காரைக்குடிக்காரன்:
சரி டீச்சர், கரையைத் தாண்ட மாட்டேன். அண்ணே, வெளிச்சம் சரியாகிவிட்டது! மஞ்சள் மூக்கும் தோளில் உள்ள இளஞ்சிவப்பும் அப்படியே விழுந்திருக்கின்றன. ஆனால் மரத்துக்கு முன்னால் பறக்கும்போது ஃபோகஸ் கிளைக்குத் தாவுகிறது.

கண்மாய்க்கரை:
புள்ளி பறவையை விட்டு நழுவுவதால்தான். கைப்பழக்கம் வர ஊருணிக்கரை மடையானைப் (குளத்துக் கொக்கு) படமெடுத்துப் பழகுங்கள். கிட்டப் போகும்வரை சேற்று நிறத்தில் அசையாமல் நிற்கும், எழுந்தால் இரண்டு இறக்கையும் பால்வெள்ளை, கொஞ்ச தூரத்தில் மறுபடி உட்காரும். உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அளவு வைத்தால் இறக்கை வெளுத்துவிடும், வெள்ளைக்கே வையுங்கள். அதைத் தொடரக் கை பழகிவிட்டால் நாரை சுலபம், அது நிதானமாகத்தான் இறக்கை அடிக்கும்.